படைவீரனும் கடப்பிதழும்

கடல் கடந்து செல்வோர் கையில் கடப்பிதழ் இருத்தல் வேண்டும் என்பது இன்று பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி. பாஸ்போர்ட்டு என்று பேச்சில் வழங்கும் அச்சிறு ஏடு இல்லையேல் வணிகனும் செல்ல முடியாது. மாணவனும் செல்ல முடியாது. அயல்நாட்டிலிருக்கும் மகனைப் பார்க்கப் போகும் மூதாட்டியும் குடிநுழைவு வாயிலைத் தாண்ட முடியாது. ஆயின், ஆயிரம் பேர் கொண்ட பட்டாளம் ஒன்று துப்பாக்கியும் பீரங்கியுமாக நட்பு நாடொன்றில் சென்று இறங்கும்போது, அந்த ஆயிரவரும் வரிசையில் நின்று அதிகாரியிடம் ஏடு நீட்டிக்கொண்டிருப்பதில்லை. அப்படியானால் படைவீரனுக்குக் கடப்பிதழ் வேண்டுமா, வேண்டாவா?

வேண்டாம் என்பதும் உண்மை. வேண்டும் என்பதும் உண்மை. ஒரே வீரன் ஒரே துறைமுகத்தில் திங்கட்கிழமை கடப்பிதழ் இன்றி நுழையலாம். மறுவாரம் அதே துறைமுகத்தில் கடப்பிதழ் இல்லாமையால் தடுக்கப்படலாம். இதனைப் படைக்கு அளிக்கப்பட்ட சலுகை என்று கருதுவோர் பலர். சலுகை என்னும் அச்சொல் பொருந்துமா என்பதை வரலாறு கொண்டு சற்று ஆராய்ந்து பார்க்கலாம்.

பழைய முத்திரைகள்

எல்லை கடப்போர்க்கு அரச முத்திரை வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பண்டங்களுக்குச் சோழனின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுவதைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைப்பதுண்டு. அங்கே பொறி பெற்றது பண்டம், ஆள் அன்று. ஆளுக்கு முத்திரை வழங்கும் முறையை விளக்கமாகச் சொல்வது கௌடிலியரின் அர்த்தசாத்திரம். மைசூரில் ஷாமசாஸ்திரியார் 1909-ஆம் ஆண்டு பதிப்பித்த அந்நூலில் முத்திரை அதிகாரி ஒருவர் வருகிறார். ஒரு மாஷகம் என்னும் சிறு காசு பெற்றுக்கொண்டு அவர் முத்திரைச் சீட்டு வழங்குவார். சீட்டு உடையவன் நாட்டுக்குள் வரலாம், வெளியே போகலாம். சீட்டின்றி அகப்பட்ட உள்நாட்டான் 12 பணம் தண்டம் கட்ட வேண்டும்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி நூலின் மற்றோரிடத்தில் இருக்கிறது. ஆயுதம் தாங்கியவன் முத்திரைச் சீட்டின்றி எங்கும் நடமாடலாகாது என்றும், சீட்டில்லாத வணிகக் கூட்டத்தாரின் படைக்கலங்களை எல்லைக் காவலர் பறிமுதல் செய்ய வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. இன்றைய வழக்கத்திற்கு இது நேர்மாறு. கௌடிலியர் கண்ணில் ஐயத்துக்கு உரியவன் முதலில் ஆயுதம் ஏந்தியவனே. சீட்டு அவனுக்குத்தான் மிகுதியும் வேண்டும். இக்காலத்திலோ, ஆயுதமின்றிக் கைப்பெட்டியோடு வருபவனைத்தான் ஏடு கேட்டு நிறுத்துகிறோம். இம்மாற்றம் எப்போது வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினாவே எழவில்லை எனலாம். சிப்பாய்க்கும் கடப்பிதழ் இல்லை. பெரும்பாலான பயணிகளுக்கும் இல்லை. 1819-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தபோது உடன் வந்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். பின்னர்ச் சென்னைப் படையின் காலாட் பட்டாளங்கள் நீரிணைக் குடியேற்றங்களில் நெடுங்காலம் காவல் புரிந்தன. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 'சிப்பாய் லைன்ஸ்' என்னும் பெயர் தாங்கிய இடங்கள் அந்நாளின் எச்சங்களே. அச்சிப்பாய்களிடம் கேட்கப்பட்டது ஏடு அன்று, இணக்கம். கடல் கடந்து செல்ல ஒப்புகிறாயா என்பதே கேள்வி. வங்காளப் படையில் அக்கேள்வி பெருஞ்சிக்கலாயிற்று. 1824-இல் பர்மியப் போருக்குப் புறப்படுமாறு பணிக்கப்பட்ட பட்டாளமொன்று பாரக்பூரில் நடக்க மறுத்தது. அதன்மேல் பீரங்கி கொண்டு சுட்டனர். 1856-இல் வந்த சட்டமோ புதிதாகப் படையில் சேர்வோர் அனைவரும் கடல் கடக்கவும் கடமைப்பட்டவர் என்றே முடிவு கட்டிவிட்டது. அதாவது, ஒருமுறை கைந்நாட்டு வைத்தவனிடம் மறுபடி ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை என்றாயிற்று.

ஐரோப்பாவிலும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலான நாடுகள் கடப்பிதழைக் கைவிட்டன. இருப்புப்பாதை பெருகியபின் வண்டி வண்டியாக வரும் பயணிகளை எல்லையில் நிறுத்திச் சோதித்தல் இயலாத செயலாயிற்று. ரஷ்யாவும் துருக்கியும் போன்ற சில நாடுகளே விடாப்பிடியாக ஏடு கேட்டு வந்தன. 1914-இல் போர் மூண்டதும் இந்நிலை மாறியது.

மூன்று நாள் இடைவெளி

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள். பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்தில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் வந்திறங்கத் தொடங்கிற்று. சீக்கியரும் பதானியரும் கூர்க்கரும் அதில் இருந்தனர். பிரெஞ்சு மக்கள் தெருவோரம் கூடி நின்று வரவேற்றனர். அவ்வீரர்களுள் எவரிடமும் எந்தப் பிரெஞ்சு அதிகாரியும் "உன் ஊர் எது? இங்கே எத்தனை நாள் தங்குவாய்? கையில் எவ்வளவு பணம் உண்டு?" என்று கேட்கவில்லை.

இனிச் செப்டம்பர் 29-ஆம் நாள். கல்கத்தாவுக்கு அருகில் பட்ஜ் பட்ஜ் என்னும் துறை. கோமகாத்தா மாரு என்ற ஜப்பானியக் கப்பலில் வந்த பயணிகள்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. ஏறத்தாழ இருபது பயணிகள் மாண்டனர். இவர்களும் பெரும்பாலும் பஞ்சாபியரே. முன்னர் ஆங்கிலேய இந்தியப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் இவர்களுள் இருந்தனர்.

இக்கப்பலின் கதை மலாயா, சிங்கப்பூர் வாசகர்க்கு அயலானது அன்று. கப்பலை அமர்த்திய குர்தித் சிங் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒப்பந்தத் தொழில் செய்து பொருளீட்டியவர். 1914 ஏப்ரலில் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டு, வழியிலும் ஆளேற்றி, 376 பயணிகளுடன் மே மாதம் 23-ஆம் நாள் கனடாவின் வான்கூவர் துறையை அக்கப்பல் அடைந்தது. கனடா அரசு அவர்களிடம் கடப்பிதழ் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் அதைக் கேட்கும் வழக்கமில்லை. பிறந்த நாட்டிலிருந்து இடையில் நில்லாமல் ஒரே பயணமாக வந்தாயா என்று கேட்டது. ஆளுக்கு 200 டாலர் வைத்திருக்கிறாயா என்று கேட்டது. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரே பயணச்சீட்டுக் கிடைக்காது என்பதை அறிந்துகொண்டே வகுத்த விதி அது. அரசரின் குடிகள் நாங்கள், பேரரசின் எந்தப் பகுதிக்கும் செல்ல எங்களுக்கு உரிமையுண்டு என்று பயணிகள் வாதிட்டனர். வழக்குத் தோற்றது. கனடாவில் முன்னரே குடியிருந்த சிலர் நீங்கலாக எவரையும் கரையிறங்க விடவில்லை. இரண்டு மாதம் நீரில் நின்றபின், ஜூலை 23-ஆம் நாள் போர்க்கப்பலொன்று பின்தொடரக் கோமகாத்தா மாரு திருப்பி அனுப்பப்பட்டது. திரும்பும் வழியில் சிங்கப்பூரிலும் அவர்களுக்கு இறங்க அனுமதி கிடைக்கவில்லை. இதற்கிடையில் செப்டம்பர் 5-ஆம் நாள் இந்திய அரசு, நாட்டுக்குள் வருவோரைக் கட்டுப்படுத்த அதிகாரம் தரும் அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்திருந்தது. சொந்த நாட்டில் இறங்கியவர்களை நேரே பஞ்சாபுக்கு ரயிலேற்ற முயன்றபோது விளைந்ததே பட்ஜ் பட்ஜ் துயரம்.

மார்செய்க்கும் பட்ஜ் பட்ஜுக்கும் இடைப்பட்டது மூன்றே நாள். ஒரே மாநிலத்து மக்கள். ஒரே அரசரின் குடிகள். ஒரு சாரார் அயல்நாட்டில் தடையின்றி இறங்கினர். மறுசாரார் தம் நாட்டிலேயே தடுக்கப்பட்டனர். வேறுபாடு யாது? முன்னவர் தாமாகச் செல்லவில்லை, அனுப்பப்பட்டனர். மார்செய் துறையில் இறங்கியது சட்டத்தின் பார்வையில் ஆங்கிலப் பேரரசே தவிர, இன்ன ஊர் இன்னார் மகன் அல்லர். கோமகாத்தா மாருவின் பயணிகளோ தம் விருப்பத்தின்பேரில், தம் பொருளைச் செலவிட்டு, தம் வாழ்வைத் தேடிப் புறப்பட்டவர்கள். எல்லைக் காவலனின் கேள்விகளெல்லாம் அப்படிப்பட்டவனுக்கென்றே ஏற்பட்டவை.

சட்ட நூலோர் இதனை முன்னரே சொல்லியிருந்தனர். 1812-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், 'எக்ஸ்சேஞ்சு' என்னும் பாய்க்கப்பல் பற்றிய வழக்கில், ஒரு நாட்டரசு தன் மண்ணின் வழியே அயல்நாட்டுப் படை செல்ல இசைந்தால், அப்படைமீது தனக்குள்ள அதிகாரத்தையும் விட்டுக்கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று விளக்கினார். அயல்நாட்டு வேந்தன், அயல்நாட்டுத் தூதன் ஆகியோருடன் படையையும் சேர்த்து அவர் பேசினார். இசைவு பெறும் இடம் அரசுகளுக்கு இடையில். தனி வீரனிடம் கேட்க ஒன்றுமில்லை.

கப்பலேற மறுத்தவர்கள்

அனுப்பப்படுபவனுக்குத் தான் எங்கே போகிறோம் என்பதையேனும் அறியும் உரிமை உண்டா? இக்கேள்விக்கு விடை சொல்லும் நிகழ்ச்சி சிங்கப்பூரிலேயே நடந்தது.

1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் காவலிருந்தது ஐந்தாம் இலகு காலாட்படை. வட இந்திய முசுலிம்களைக் கொண்ட பட்டாளம் அது. 16-ஆம் நாள் 'நோர்' என்னும் கப்பலில் அதனை ஹாங்காங்குக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. துருக்கியை எதிர்த்துப் போரிட, தம் சமயத்தாரையே சுடத் தங்களைக் கொண்டுபோகின்றனர் என்ற வதந்தி படைவீடுகளில் பரவியிருந்தது. 15-ஆம் நாள் காலை நடந்த விடைபெறும் அணிவகுப்பில் தளபதி பேசினார். அவர்களுடைய மிடுக்கைப் பாராட்டினார். நாளை புறப்படுவதைக் குறிப்பிட்டார். ஹாங்காங் என்ற ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. அது சீனப் புத்தாண்டு விடுமுறைக் காலம். பிற்பகல் அலெக்சாண்டிரா படைவீட்டில் முதல் வேட்டுக் கேட்டது.

கலகத்தின் காரணங்கள் பல. அதிகாரிகளுக்குள் இருந்த பூசல், கதர் இயக்கத்தாரின் பிரசாரம், துருக்கிமீது கொண்ட பற்று என ஆய்வாளர் வரிசைப்படுத்துவர். ஊர்ப்பெயர் ஒன்றைச் சொல்லியிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும் என்று நாம் வாதிடவில்லை. ஆயினும், ஒரு சாதாரணப் பயணி எந்தத் துறைமுகத்துக்குச் சீட்டு வாங்குகிறான் என்பதை அவன் அறிவான். நாளை எங்கே இறங்குவோம் என்று அறியாமல் மூட்டை கட்டிய அந்த எண்ணூறு பேரின் நிலை வேறு என்பதை மறத்தற்கில்லை. கலகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இராணுவ விசாரணைக்குப் பின் 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறைச்சாலையின் சுவரோரம் நிறுத்தப்பட்டு, பொதுமக்கள் காணச் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாம் மேலே கண்ட சிப்பாய் லைன்ஸ் அதே பகுதிதான்.

அதன்பின் நடந்தது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கலகம் செய்தவர்கள் ஏடு எதுவும் இன்றிச் சிங்கப்பூருக்குள் கொணரப்பட்ட படைவீரர். கலகம் அடங்கியபின், சிங்கப்பூரில் வாழ்ந்த இந்தியர் அனைவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று குடியேற்ற அரசு ஆணையிட்டது. கடைக்காரரும் எழுத்தரும் துறைமுகத் தொழிலாளரும் அதற்கு உட்பட்டனர். இந்தியருள் பெரும் பகுதியினரான தமிழருக்கும் அக்கலகத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை. விசுவாசத்துடன் வாழ்ந்த மக்களிடையே இவ்வாணை மனக்கசப்பை உண்டாக்கிற்று என்று வரலாற்றாசிரியர் எழுதுவதில் வியப்பில்லை. படைவீரனிடம் கேட்காத கேள்வியை அவன் சாயலில் இருந்த குடிமகனிடம் கேட்டார்கள்.

போர் முடிந்தபோது உலகெங்கும் கடப்பிதழ் வேரூன்றிவிட்டது. 1915-இலேயே ஆங்கிலேயக் கடப்பிதழில் புகைப்படம் ஏறியிருந்தது. 1920 அக்டோபரில் பாரிசில் நாடுகளின் சங்கம் கூட்டிய மாநாடு 32 பக்கங்கொண்ட ஏடு என்று ஒரே மாதிரியை வகுத்தது. இந்தியாவுக்குள் நுழைவோரிடம் கடப்பிதழ் கேட்க அதிகாரம் தந்த சட்டமும் அவ்வாண்டினதே. போர்க்காலத்துக்கு மட்டும் என்று வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான்.

விடுப்புக்காரர் என்னும் வேடம்

வீரன் ஆணையின்பேரில் செல்வதற்கும் தன் சொந்தக் காரியமாகச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு இத்துணைத் தெளிவாக இருந்தால், அதனை ஏமாற்றுக்குப் பயன்படுத்துவோரும் தோன்றுவரன்றோ? இரண்டாம் உலகப் போரில் சுவீடன் நாடு அப்படியொரு நெருக்கடிக்கு உள்ளாயிற்று. நடுநிலை நாட்டின் மண்ணின் வழியே போரிடும் நாடுகள் படையை நடத்திச் செல்லலாகாது என்பது 1907-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தின் விதி. 1940-இல் நார்வேயைப் பிடித்த ஜெர்மனி, தன் வீரர்கள் சுவீடனின் ரயில் வழியே போய்வர வேண்டும் என்று நெருக்கியது. படை என்று சொன்னால் நடுநிலை கெடும். ஆகவே 'விடுப்பில் செல்வோர்' என்று பெயர் சூட்டினர். அவ்வாண்டு ஜூலையில் தொடங்கி 1943 ஆகஸ்டில் நிறுத்தப்படும் வரை இவ்வாறு நடந்த பயணங்கள் ஏறத்தாழ 20 இலட்சம். ஊருக்குப் போனவர் தொகையும் திரும்பி வந்தவர் தொகையும் ஏறக்குறைய ஒத்திருந்தால், அது விடுப்பாம்! படை மாற்றத்துக்கு அதனினும் வசதியான திரை வேறு கிடைத்திருக்குமா? 1941 ஜூனில் ஒரு முழு டிவிஷனே ஆயுதத்துடன் சுவீடன் வழியே பின்லாந்துக்குச் சென்றபோது அந்தத் திரையும் இல்லாமற் போயிற்று.

இலண்டனில் வகுத்த விதி

இன்று நடப்பிலுள்ள முறை பெரும்பாலும் 1951-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் இலண்டனில் கையொப்பமான ஓர் உடன்படிக்கையை அடியொற்றியது. நேட்டோ என்னும் வட அட்லாண்டிக் கூட்டணியின் 12 நாடுகள் அதனைச் செய்துகொண்டன. போர் இல்லாத காலத்திலும் ஒரு நாட்டின் படை மற்றொரு நாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கப்போகிறது. அவ்வீரர்களின் நிலை யாது என்பதே பொருள்.

அதன் மூன்றாம் பிரிவு நம் வினாவுக்கு நேர் விடை தருகிறது. படையின் உறுப்பினர்க்குக் கடப்பிதழ் விதியும் விசா விதியும் இல்லை. குடிநுழைவுச் சோதனையும் இல்லை. அயலார் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் ஏறாது. ஈடாக இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, பெயர், பிறந்த நாள், பதவி, எண், படைப்பிரிவு, புகைப்படம் கொண்ட அடையாள அட்டை. மற்றொன்று பயண ஆணை. இவர் இப்படையைச் சேர்ந்தவர், இன்ன இடத்துக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டுள்ளார் என்று அவ்வாணை சான்று கூறும். அனுப்பும் நாட்டு மொழியோடு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அது இருக்க வேண்டும். ஒருவர்க்கும் எழுதலாம், ஒரு கூட்டத்துக்கே ஒன்றாகவும் எழுதலாம். கடப்பிதழைக் கூட்டத்துக்கு ஒன்றாக எழுதிக் கையில் கொடுத்தால் நாம் எவ்வளவு குறைபடுவோம் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்பிரிவின் எஞ்சிய வரிகளை மேற்கோள் காட்டுவோர் குறைவு. எனக்கு அவையே சிறந்தவையாகப் படுகின்றன. வீரனின் மனைவி மக்களுக்கு இவ்விலக்கு இல்லை. அவர்கள் கடப்பிதழ் பெற வேண்டும். இன்னாரைச் சார்ந்தவர் என்று அதில் குறிக்கப்பட வேண்டும். ஒரே குடும்பம் ஒரே நாளில் இறங்கினாலும் கணவன் ஆணைத் தாளோடும் மனைவி ஏட்டோடும் நுழைவர். அயல்நாட்டில் எத்தனை ஆண்டு பணிபுரிந்தாலும் அதனால் வீரனுக்கு அங்கே நிலையாகக் குடியிருக்கும் உரிமை பிறவாது. படையிலிருந்து விலகி அங்கேயே தங்கிவிட்டால் அவனுடைய அரசு உடனே உள்ளூர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 21 நாளுக்கு மேல் காணாமற் போனவனைப் பற்றியும் அவ்வாறே அறிவிக்க வேண்டும். தன் விருப்பப்படி நடக்கத் தொடங்கியவுடன் அவன் மீண்டும் அயலான்; கேள்விகள் திரும்பி வந்துவிடுகின்றன.

இம்முறை பல நாடுகளுக்கும் பரவிற்று. 1957 அக்டோபரில் மலாயா ஆங்கிலேயரோடு செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் படையினரின் நிலைபற்றிய இணைப்பு ஒன்று இருந்தது. 1960-இல் ஜப்பானும் அமெரிக்காவும் செய்த உடன்பாட்டின் ஒன்பதாம் பிரிவு இதனையே கூறும். ஐக்கிய நாட்டு அமைதிப் படைக்கென 1990-இல் வகுத்த மாதிரி உடன்பாட்டிலும் அடையாள அட்டையும் பயண ஆணையும் கடப்பிதழின் இடத்தைப் பெற்றன.

வரவேற்கும் நாட்டு மக்களுக்கு இதனால் இடர் இல்லை என்பதற்கில்லை. 2021 டிசம்பரில் ஒக்கினாவாத் தீவின் ஹான்சன் முகாமில் கொரோனாத் தொற்றுப் பெருகிற்று. ஜப்பான் அயலார்க்குக் கதவடைத்திருந்த நேரம் அது. அமெரிக்க வீரர்களோ தம் தளங்களிலேயே நேரே வந்திறங்குவோர். புறப்படுமுன் சோதனை செய்யாமலே பலர் வந்தனர் என்பது வெளியானபோது அத்தீவின் ஆளுநர் வெளிப்படையாகக் கண்டித்தார். குடிநுழைவுச் சோதனை என்பது பயணியைத் தொல்லைப்படுத்த மட்டும் ஏற்பட்டதன்று. உள்ளே இருப்பவனைக் காக்கவும் ஏற்பட்டது என்பதை ஒக்கினாவா மக்கள் அன்று நன்கு உணர்ந்திருப்பர்.

ஆகவே, உடன்பாடு உள்ள நாட்டுக்கு ஆணையின்பேரில் செல்லும் வீரனுக்கு அட்டையும் ஆணையும் போதும். உடன்பாடு இல்லாத நாட்டுக்குக் கடமையாகச் சென்றாலும் கடப்பிதழ் வேண்டும். அதற்கெனவே அமெரிக்கா போன்ற நாடுகள் கட்டணம் பெறாத தனிக் கடப்பிதழ் வழங்குகின்றன. விடுப்பில் ஊர் சுற்றப் போகிறவனோ எல்லோரையும் போன்ற பயணியே. ஜெர்மனியில் பணிபுரியும் அமெரிக்க வீரன் அட்டையும் ஆணையுமாக அங்கே வந்து சேர்ந்தவனாயினும், விடுமுறைக்கு வேறொரு நாட்டுக்குப் போக விரும்பினால் கடப்பிதழ் தேட வேண்டும்.

சிங்கப்பூரில் இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. 1967-இல் கட்டாயத் தேசிய சேவை வந்தது. 1970-ஆம் ஆண்டுப் படைச்சேர்ப்புச் சட்டம் அதனை நிலைப்படுத்தியது. அச்சட்டத்துக்கு உட்பட்ட இளைஞன் நெடுங்காலம் வெளிநாட்டில் தங்க வேண்டுமானால், செல்லத்தக்க கடப்பிதழ் சட்டைப்பையில் இருந்தாலும், வெளியேற்ற அனுமதிச் சீட்டு ஒன்றைத் தனியாகப் பெற வேண்டும். அதனை வழங்குவது குடிநுழைவு அலுவலகம் அன்று. படைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகம்.